குரோம் தொட்டியும் நெல்லிச்சாறும்: ராணிப்பேட்டைப் பட்டறைத் தொழிலாளி ஒருவரின் நிகழ்வு ஆய்வு

வந்தவரும் வந்த காரணமும்

நாற்பதைத் தொடாத வயது. வாலாஜாபேட்டைப் பக்கத்துக் கிராமத்துக்காரர். ராணிப்பேட்டை சிப்காட்டை ஒட்டிய உலோகப் பொருள்களுக்குக் குரோமியப் பூச்சு போடும் ஒரு சின்ன குரோம் பிளேட்டிங் பட்டறையில் பல வருடமாகத் தொட்டி வேலை பார்க்கிறார். அவரையோ பட்டறையையோ அடையாளம் காட்டக்கூடிய விவரங்களை மாற்றியும் விட்டும் எழுதுகிறேன். எழுதுவதற்கு அவர் சம்மதித்திருக்கிறார்.

மனைவிதான் அழைத்து வந்தார். வலது கை விரலில் ஆறாத புண்.

"வலியே இல்லன்றாரு டாக்டரம்மா. ஆனா ஆற மாட்டேங்குது. தெருவுல இன்னா இன்னாவோ பேசிக்கிறாங்க."

தெரு என்ன பேசியிருக்கும் என்பதைக் கேட்க வேண்டியதில்லை. கரிகிரி தொழுநோய் மருத்துவமனை 1950-களிலிருந்து இயங்கும் வட்டாரம் இது. வலிக்காத புண் என்றால் இங்கே பழைய ஆட்களுக்கு முதலில் நினைவுக்கு வருவது அந்த நோய்தான். அந்தப் பயத்திலேயே இவர்கள் இரண்டு மாதம் யாரிடமும் காட்டாமல் இருந்திருக்கிறார்கள்.

ஆள்காட்டி விரல், நடுவிரல் முட்டிகளில் ஒவ்வொன்று, நடுவிரல் நகத்தின் அடியில் ஒன்று என மூன்று புண்கள். ஒவ்வொன்றும் ஐந்தாறு மில்லிமீட்டர் அகலம். சுற்றிலும் விளிம்பு தடித்து உயர்ந்திருந்தது. நடுவே குழி, குழிக்குள் கறுத்த பொருக்கு. இடது கையில் இதே அளவில் வட்டமான பழைய தழும்புகள் நான்கைந்து. கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "மூக்கு எப்படி இருக்கு?" என்று கேட்டேன். கணவனும் மனைவியும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"காலைல எழுந்தா பொருக்கு பொருக்கா வருது. சில நாள் ரத்தம் கூட வரும். தொட்டியாண்ட நிக்கிறவன் எல்லாருக்கும் அப்பிடித்தாம்மா கீது."

வலது நாசியில் விளக்கை வைத்தேன். வெளிச்சம் இடது நாசி வழியாகத் தெரிந்தது. இரு நாசிகளுக்கும் நடுவே உள்ள தடுப்புச் சுவரின் முன்பகுதிக் குருத்தெலும்பில் ஒரு சென்டிமீட்டருக்குக் கொஞ்சம் குறைவான ஓட்டை. ஓரமெல்லாம் பச்சையும் பழுப்புமாகப் பொருக்கு. அப்படி ஒரு ஓட்டை இருப்பது அவருக்குத் தெரியாது. வலித்திருந்தால் தெரிந்திருக்கும்.

தொழுநோயா, குரோமா

இரண்டையும் பிரித்தறிவது இந்த வட்டாரத்தில் முக்கியம். இரண்டுமே மூக்கின் நடுச்சுவரைத் துளைக்கும், இரண்டிலுமே புண் வலிக்காது. ஆனால் தொழுநோயில் புண்ணைச் சுற்றியுள்ள தோலே உணர்விழந்திருக்கும். இவருக்குப் புண்ணின் விளிம்பு வரை பஞ்சு பட்டாலும் தெரிந்தது, ஊசி முனை பட்டாலும் தெரிந்தது. முழங்கை நரம்பு தடிக்கவில்லை, வெளிறிய தேமல் இல்லை, தோல் சுரண்டல் பரிசோதனையில் கிருமி இல்லை. மூக்கின் வெளித்தோற்றமும் அமுங்கவில்லை. தொழுநோய் முற்றினால் மூக்குத்தண்டே சரிந்துவிடும். குரோமிய ஓட்டையில் குருத்தெலும்பின் மேல்விளிம்பு பெரும்பாலும் தப்பிவிடுவதால் வெளியே பார்க்க எதுவும் தெரியாது. காசநோய், சிபிலிஸ், ரத்தக்குழாய் அழற்சி நோய்கள் ஆகியவற்றுக்கான பரிசோதனைகளும் செய்தோம், எதுவும் இல்லை.

தொழில் என்ன என்று கேட்ட அந்த ஒரு கேள்வியிலேயே விடை இருந்தது. குரோமியப் புண்ணும் அதன் பின்விளைவுகளும் 1948-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டத்தின் மூன்றாம் அட்டவணையிலேயே அறிவிக்கப்பட வேண்டிய நோயாக இடம்பெற்றவை. புதிதாக யாரும் கண்டுபிடிக்கவில்லை. ஆனால் மின்சாரத்தில் இயங்கும் பட்டறையில் பத்துப் பேராவது இருந்தால்தான் அந்தச் சட்டம் அதைத் தொழிற்சாலையாகக் கருதியது. இவருடைய பட்டறையில் அவரோடு சேர்த்து ஆறு பேர். இஎஸ்ஐ அட்டையும் இல்லை. இந்த மாவட்டத்தில் இப்படி எத்தனை பட்டறைகள் இருக்கும் என்று நினைக்கும்போதெல்லாம் எனக்கு ஆற்றாமைதான் வருகிறது.

தொட்டியருகே

நோயாளியின் வேலையிடத்தைப் பார்க்காமல் தொழில்நோய்க்கு மருந்து எழுதுவதில் எனக்கு நம்பிக்கையில்லை. போனேன்.

குரோம் பிளேட்டிங் தொட்டியில் இருப்பது குரோமிக் ஆசிட் கரைசல். வழக்கமான கலவையில் லிட்டருக்குச் சுமார் 250 கிராம் குரோமிக் ஆசிட், அதில் நூறில் ஒரு பங்கு சல்பேட். சூடு 45 முதல் 55 டிகிரி. நேர்மின்னோட்டம் தரும் ரெக்டிஃபையரைப் போட்டதும் கொதிப்பதுபோல் நுரைக்கும். இந்தத் தொழிலின் பெரிய சாபமே அந்த நுரைதான். பாயும் மின்சாரத்தில் பத்து முதல் இருபது சதவீதம்தான் குரோமியத்தைப் பொருளின் மேல் படியவைக்கிறது. மற்றதெல்லாம் தண்ணீரைப் பிளந்து ஹைட்ரஜனாகவும் ஆக்சிஜனாகவும் வெளியேறுகிறது. மேலே வரும் ஒவ்வொரு குமிழியும் உடையும்போது கண்ணுக்குத் தெரியாத குரோமிக் ஆசிட் துளிகளைக் காற்றில் வீசுகிறது. ஜிக் என்ற கொக்கிச் சட்டத்தில் மாட்டிய பொருளைத் தொட்டிக்குள் இறக்குகிறவர் அதற்கு நேர் மேலே குனிந்துதான் நிற்க வேண்டும். இவர் நின்ற இடத்துக்குப் பின்னால் இருந்த சுவர் இடுப்பு உயரத்திலிருந்து மேலே மஞ்சளாகக் கறை படிந்திருந்தது. மூக்குக்குள் என்ன படிந்திருக்கும் என்பதை அந்தச் சுவரே சொல்லிவிட்டது.

காற்று உறிஞ்சி ஒன்று கூரையருகே இருந்தது. அந்த இடத்தில் அது வைக்கப்பட்டது பெரிய தவறு. தொட்டியிலிருந்து எழும் ஆவி தொழிலாளியின் முகத்தைக் கடந்துதான் அதைப் போய்ச் சேரும். உறிஞ்சும் வாய் தொட்டியின் விளிம்பிலேயே பக்கவாட்டில் இருக்க வேண்டும்.

மூக்குச் சுவரின் முன்பகுதியில் காற்று திரும்பி மோதும். துளிகள் அங்கேதான் படியும். அந்தக் குருத்தெலும்புக்குச் சொந்த ரத்தக்குழாய் கிடையாது, இருபுறச் சவ்வும் ஊட்டுவதை வைத்துத்தான் உயிரோடு இருக்கிறது. இருபுறச் சவ்வும் புண்ணானால் நடுவில் உள்ளது பட்டினியில் செத்துப்போகிறது. அவர் மூக்கு ஓட்டையானது இப்படித்தான்.

முதலாளி கொடுத்த கேப்ஸ்யூல்

இந்த நிகழ்வை விரிவாக எழுதத் தூண்டியது அடுத்து நடந்ததுதான். பட்டறை முதலாளி கெட்டவர் இல்லை. தானும் இளவயதில் தொட்டியில் நின்றவர். தொழிலாளிகளின் உடம்பு கெடுகிறது என்ற கவலை உண்மையிலேயே அவருக்கு இருந்தது. காலையில் ஆளுக்கு ஒரு டம்ளர் நெல்லிச்சாறு கொடுப்பார். ஜவ்வாது மலை நெல்லி வரும் பருவத்தில் மூட்டையாக வாங்கி வைப்பார். ஒரு வருடமாக அதோடு கேப்ஸ்யூலும் கொடுத்து வந்தார்.

"ஆன்டிஆக்சிடன்ட் மேடம். செல்ல காப்பாத்தும்னு போட்டிருக்கு. மாசம் நாலாயிரம் செலவு பண்றேன். ஃபேன் மாத்தணும்னு எலக்ட்ரீஷியன் சொன்னாரு, அதுக்கு ஒரு லட்சத்துக்கு மேல ஆகும்னாரு. முதல்ல உள்ளார இருந்து காப்பாத்துவோம்னுதான்…"

கேப்ஸ்யூலின் அட்டையை வாங்கிப் படித்தேன். திராட்சை விதைச் சாறு, வைட்டமின் ஈ, செலினியம், பீட்டா கரோட்டின்.

என்னுடைய நோயாளி நாளொன்றுக்கு ஒரு கட்டு பீடி குடிப்பவர்.

செல்லுக்கு வெளியேயும் உள்ளேயும்

முதலாளியின் கேள்வி நியாயமானது. ராணிப்பேட்டையில் அந்தக் கேள்வியைக் கேட்கிறவர் அவர் ஒருவர் மட்டுமல்ல. குரோமியம் செல்லைக் கெடுப்பது ஆக்சிஜனேற்றத்தால்தானே, நெல்லியும் மஞ்சளும் கீரையும் ஆக்சிஜனேற்றத்தைத் தடுப்பவைதானே, பிறகு ஏன் காப்பாற்றாது? விடை செல்லின் சவ்வில் இருக்கிறது.

எத்தனை எலக்ட்ரானை இழந்திருக்கிறது என்பதைப் பொறுத்துக் குரோமியம் இரண்டு முக்கிய நிலைகளில் இருக்கும். தொட்டியில் இருப்பது ஆறாம் நிலை, மஞ்சளாகவும் ஆரஞ்சாகவும் தெரிவது. மூன்றாம் நிலை பச்சை அல்லது நீலப்பச்சை. ஆறாம் நிலைக் குரோமியம் குரோமேட்டாக இருக்கும்போது அதன் வடிவம் சல்பேட்டை அப்படியே ஒத்திருக்கும். செல்லுக்குச் சல்பேட் வேண்டும், அதற்கென்று சவ்வில் வாசல் வைத்திருக்கிறது. குரோமேட் அந்த வாசல் வழியாகவே நுழைந்துவிடுகிறது. மூன்றாம் நிலைக்கு அந்த வாசல் திறக்காது, அதனால் அது பெரும்பாலும் வெளியிலேயே நின்றுவிடும். புற்றுநோய் ஆராய்ச்சிக்கான பன்னாட்டு முகமை ஆறாம் நிலையை மனிதருக்குப் புற்றுநோய் தருவது உறுதியான முதல் குழுவில் வைத்திருக்கிறது. மூன்றாம் நிலையை அந்தக் குழுவில் சேர்க்கவில்லை.

உள்ளே போன ஆறாம் நிலை அப்படியே இருப்பதில்லை. செல்லுக்குள் இருக்கும் வைட்டமின் சி, செல்லே தயாரிக்கும் குளூட்டத்தயோன், சிஸ்டீன் என்ற அமினோ அமிலம் ஆகியவை அதற்கு எலக்ட்ரான் கொடுத்து ஐந்து, நான்கு, மூன்று எனப் படிப்படியாக இறக்குகின்றன. ஆன்டிஆக்சிடன்ட் என்று நாம் கொண்டாடும் அதே வேலைதான் இது. ஆனால் இறங்கும் வழியில் உண்டாகும் ஐந்தாம் நிலை அங்குள்ள ஹைட்ரஜன் பெராக்சைடோடு சேர்ந்து ஹைட்ராக்சில் என்ற மிக வீரியமான துகளை உண்டாக்கும். கடைசியில் வரும் மூன்றாம் நிலை வெளியேற வழியில்லாமல் டிஎன்ஏவில் ஒட்டிக்கொள்ளும். அமெரிக்காவின் பிரவுன் பல்கலைக்கழகத்தில் அனடோலி ஷித்கோவிச்சின் குழு காட்டியது இதைவிடச் சங்கடமானது: வைட்டமின் சி, குரோமியம், டிஎன்ஏ மூன்றும் ஒன்றாகப் பிணைந்த முடிச்சுகள் உண்டாகின்றன, மரபணு மாற்றத்தைத் தூண்டுவதில் அவற்றுக்குப் பெரிய பங்கு இருக்கிறது. செல்லுக்குள் இருக்கும் வைட்டமின் சியே குரோமியத்தின் கைக்கு ஆயுதம் கொடுக்கிறது.

வெளியே நடப்பது நேர்மாறு. செல்லுக்குள் நுழையும் முன்பே வைட்டமின் சி ஆறாம் நிலைக் குரோமியத்தைச் சந்தித்தால், அதை மூன்றாம் நிலையாக மாற்றி வாசலுக்கு வெளியிலேயே நிறுத்திவிடும். ரத்த ஆய்வகங்களில் பல பத்தாண்டுகளாகப் பயன்பட்ட ஒரு முறையே இதற்குச் சாட்சி. சிவப்பணு எவ்வளவு காலம் வாழ்கிறது என்று அளக்க, கதிரியக்கக் குரோமியம் 51 கலந்த சோடியம் குரோமேட்டை ரத்தத்தோடு கலப்பார்கள். குரோமேட் சிவப்பணுவுக்குள் புகுந்து, மூன்றாம் நிலையாக மாறி, ஹீமோகுளோபினில் ஒட்டி நிற்கும். வேண்டிய அளவு புகுந்ததும் அந்தக் குழாயில் வைட்டமின் சியைச் சேர்ப்பார்கள். வெளியே மிச்சமிருக்கும் குரோமேட் உடனே மூன்றாம் நிலையாகிவிடும், அதன் பிறகு ஒரு துளியும் உள்ளே போகாது. புகுந்ததை அந்த வைட்டமின் சி வெளியே எடுப்பதில்லை. புகாததைத்தான் தடுக்கிறது. நெல்லிச்சாறு பற்றிய கேள்விக்கு இதைவிடத் தெளிவான பதிலை நான் பார்த்ததில்லை.

எனவே முதலாளியின் நெல்லிச்சாறு முழுக்க வீணில்லை. மூக்கில் படிந்த துளிகளில் ஒரு பங்கு சளியோடு தொண்டைக்கு இறங்கி வயிற்றுக்குப் போகும். இரைப்பைச் சாறே ஆறாம் நிலையைப் பெருமளவு மூன்றாம் நிலையாக மாற்றிவிடும், சாப்பிட்ட பிறகு அந்தத் திறன் இன்னும் கூடும். அங்கே நெல்லியின் வைட்டமின் சி ஒரு கை கொடுக்கலாம். ஆனால் இவருக்கு நோய் வயிற்றில் இல்லை. மூக்குச் சவ்வின் மேல் துளி விழுந்த நொடியில், குடித்த சாறு அங்கே இருப்பதில்லை. விரல் முட்டியிலும் இருப்பதில்லை.

தாவரப் பொருளைப் பற்றிய நம்பிக்கை எங்கிருந்து வருகிறது

நம்மூர்க் கல்லூரி ஆய்வகங்களில் ஆன்டிஆக்சிடன்ட் என்றால் பெரும்பாலும் டிபிபிஎச் சோதனைதான். ஊதா நிறக் கரைசலில் இலைச்சாற்றை விட்டால் ஊதா போய் மஞ்சளாகும். எவ்வளவு வேகமாக வெளுக்கிறதோ அவ்வளவு திறன் என்று எழுதிவிடுவோம். நானும் மாணவர்களுக்கு இதைச் செய்துகாட்டியிருக்கிறேன், வேதியியல் கற்க அருமையான சோதனை. ஆனால் அந்தக் குழாயில் செல் இல்லை, சவ்வு இல்லை, குடல் இல்லை. கடுக்காய், மாதுளைத்தோல், தேயிலை ஆகியவற்றில் ஆன்டிஆக்சிடன்ட்டாக வேலை செய்யும் பாலிஃபீனால் என்ற தாவரப் பொருள்களில் மிகச் சிறு பங்குதான் ரத்தத்துக்குள் போய்ச் சேர்கிறது. போனதையும் கல்லீரல் விரைவில் மாற்றி வெளியேற்றிவிடுகிறது.

அப்படியானால் தாவரப் பொருள்கள் செல்லுக்கு எந்த உதவியும் செய்வதில்லையா என்றால், செய்கின்றன, வேறு வழியில். மஞ்சளின் குர்குமின், முட்டைக்கோஸ் வகைகளின் சல்ஃபோராஃபேன் போன்றவை செல்லுக்கு லேசான எரிச்சல் கொடுக்கும். கீப்1 என்ற புரதம் வழக்கமாக என்ஆர்எஃப்2 என்ற இன்னொரு புரதத்தைப் பிடித்து அழித்துக்கொண்டே இருக்கும். எரிச்சல் பட்டதும் பிடி தளர்கிறது. விடுபட்ட என்ஆர்எஃப்2 செல்லின் கருவுக்குள் போய், குளூட்டத்தயோன் தயாரிக்கும் நொதிகளையும் நஞ்சை நீக்கும் நொதிகளையும் கூட்டச் சொல்கிறது. அதாவது அந்தத் தாவரப் பொருள் எதிரியோடு நேரே மோதுவதில்லை, செல்லின் சொந்தப் பாதுகாப்பை எழுப்பிவிடுகிறது. பல நஞ்சுகளுக்கு எதிராக இது உண்மையான காப்பு. குரோமியத்தில் மட்டும் கணக்கு சிக்கலாகிறது. உள்ளே கூடும் குளூட்டத்தயோனும் குரோமேட்டை இறக்கிவிடும் கூட்டத்தைச் சேர்ந்ததுதான்.

எலி ஆய்வுகளை வைத்து "நிரூபிக்கப்பட்டது" என்று விளம்பரம் செய்பவர்களிடம் ஒன்றைக் கேட்க வேண்டும். எலி தன் கல்லீரலிலேயே வைட்டமின் சி செய்துகொள்ளும். மனிதனால் முடியாது, அதற்கான கடைசி நொதியின் மரபணு நமக்குப் பழுதாகிவிட்டது. எலியில் கிடைத்த விளைவை ராணிப்பேட்டைத் தொழிலாளியின் மேல் அப்படியே ஏற்ற முடியாது. கண்ணாடித் தட்டில் வளர்க்கும் மனித செல்களில் சிக்கல் வேறு விதமானது. வழக்கமான வளர்ப்புக் கரைசலில் வைட்டமின் சி கிடையாது, அதனால் அந்தச் செல்களுக்குள் கிட்டத்தட்ட இல்லை. நம் உடலிலோ செல்லுக்குள் ரத்தத்தில் இருப்பதைவிடப் பல மடங்கு அதிகமாக இருக்கிறது. தட்டில் குரோமியம் செய்வதும் உடலில் செய்வதும் ஒன்றாக இருக்க வழியில்லை.

கேப்ஸ்யூல் பற்றி நான் கடுமையாகப் பேசியதற்குக் காரணம் பீட்டா கரோட்டின். காரட்டிலும் முருங்கைக்கீரையிலும் உணவாக வரும்போது அதில் பயமில்லை. மாத்திரையாக, பெரிய அளவில், புகைப்பவருக்குக் கொடுத்ததன் விளைவை இரண்டு பெரிய ஆய்வுகள் பதிவு செய்துவிட்டன. பின்லாந்தில் 29,133 ஆண் புகைப்பவர்களிடம் நடந்த ஆய்வின் முடிவு 1994-ல் வந்தது: பீட்டா கரோட்டின் எடுத்தவர்களுக்கு நுரையீரல் புற்று 18 சதவீதம் கூடுதல். அமெரிக்காவில் புகைப்பவர்களோடு கல்நார்த் தொழிலாளிகளையும் சேர்த்து நடத்திய CARET என்ற பெயருடைய ஆய்வில், வைட்டமின் ஏயோடு சேர்த்து எடுத்தவர்களுக்கு 28 சதவீதம் கூடுதல். அந்த ஆய்வை 1996-ல் குறித்த காலத்துக்கு முன்பே நிறுத்தினார்கள். தொழிலில் நுரையீரல் புற்றுக்கு ஆளாகக்கூடிய தொழிலாளி, அதோடு பீடி, அதன் மேல் அன்றாடம் பீட்டா கரோட்டின் மாத்திரை. நல்ல எண்ணத்தில் கொடுத்ததுதான். அன்றே நிறுத்தச் சொன்னேன். முதலாளி அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டு கொஞ்ச நேரம் பேசவில்லை.

செய்த சிகிச்சை

புண் ஆறும் வரை தொட்டிப் பக்கமே போகக் கூடாது என்றேன். முதலாளி பஃபிங், அதாவது மெருகேற்றும் வேலைக்கு மாற்றினார், கூலியில் கை வைக்கவில்லை. கைகளை ஓடும் தண்ணீரில் நன்றாகக் கழுவி, அன்றன்று புதிதாகக் கரைத்த பத்து சதவீத வைட்டமின் சி கரைசலில் நனைத்த துணியைப் புண்ணின் மேல் வைத்து மாற்றச் சொன்னோம். 1960-களில் அமெரிக்கத் தோல் மருத்துவர் சாமிட்ஸ் குரோமியப் புண்ணுக்கு முன்வைத்த வழி இது. பொருக்குக்கு அடியில் மிச்சமிருக்கும் ஆறாம் நிலைக் குரோமியத்தை இருந்த இடத்திலேயே மூன்றாம் நிலையாக்குவதுதான் நோக்கம். இங்கே வைட்டமின் சி நிற்பது செல்லுக்கு வெளியே, நிற்க வேண்டிய இடத்தில். கரைசலைப் பழசாக வைத்தால் காற்றிலேயே கெட்டு மஞ்சளாகிவிடும், பிறகு பயனில்லை. மனைவி இதை நன்றாகப் புரிந்துகொண்டு ஒவ்வொரு வேளைக்கும் புதிதாகக் கரைத்தார். மூக்குக்கு உப்பு நீர்க் கழுவலும் வாசலினும். நகத்தால் பொருக்கை நோண்டக் கூடாது என்பதைப் பல தடவை சொல்ல வேண்டியிருந்தது.

இங்கே ஓர் எச்சரிக்கை. இது சிறு, நாள்பட்ட புண்ணுக்கான சிகிச்சை. தொட்டியில் தவறி விழுந்தவர், குரோமிக் ஆசிட் உடம்பில் கொட்டியவர் விஷயம் முற்றிலும் வேறு. தோல் வழியாகவே உடம்புக்குள் ஏறி சிறுநீரகத்தைக் கெடுத்துவிடும். உடனே தண்ணீரால் கழுவிக்கொண்டே பெரிய மருத்துவமனைக்குக் கொண்டுபோக வேண்டும். நெல்லிச்சாறு, வைட்டமின் மாத்திரை என்று நேரம் கடத்தக் கூடாது.

சிறுநீரில் குரோமியம் எதிர்பார்த்தபடி உயர்ந்திருந்தது. சிறுநீரக, கல்லீரல் சோதனைகளும் மார்பு எக்ஸ்ரேயும் சரியாக இருந்தன. பட்டறையில் மற்ற ஐந்து பேரையும் அழைத்து மூக்கைப் பார்த்தோம். இருவருக்குச் சவ்வில் புண், ஓட்டை இன்னும் விழவில்லை. அவர்களுக்கு இது காலத்தில் கிடைத்த எச்சரிக்கை.

பட்டறையில் காட்டியது

முதலாளிக்கு வார்த்தையில் சொல்வதைவிடக் காட்டுவது எளிதாக இருந்தது, காட்ட வேண்டியது அவர் பட்டறையிலேயே இருந்தது. கழிவுநீரைச் சுத்திகரிக்க மூலையில் ஒரு சிறு தொட்டி. தொழிலாளி ஒருவர் ஆசிட் விட்டு பிஎச்சை இரண்டு மூன்றுக்குக் கொண்டுவந்து, குரோமியத்துக்கு எலக்ட்ரான் கொடுக்கும் மெட்டா பைசல்ஃபைட் உப்பைத் தூவிக் கிளறினார். ஆரஞ்சு மஞ்சளாக இருந்த தண்ணீர் கண்ணெதிரே பச்சையானது. பிறகு சுண்ணாம்பு போட்டதும் பச்சைக் கசடாக அடியில் தங்கியது.

"நீங்க தினமும் செய்யிறது இதுதான். நெல்லி செய்யிறதும் இதையேதான். ஆனா இந்தத் தொட்டிக்குள்ள நடக்கணும், அவர் மூக்குக்குள்ள நடக்கக் கூடாது," என்றேன்.

மாற்றங்கள் ஒரே நாளில் வரவில்லை. முதலில் மலிவானவை: குமிழி உடையும் மேற்பரப்பை மூட பிளாஸ்டிக் பந்துகள், நுரையைக் கட்டுப்படுத்தும் மருந்து, முழங்கை வரை ரப்பர் கையுறை, தொட்டியருகிலேயே குழாய். வீட்டுக்குப் போகுமுன் சட்டை மாற்றும் வழக்கத்தையும் கொண்டுவந்தார்கள், வீட்டில் சின்னப் பிள்ளைகள் இருப்பவர்கள் அதை ஆர்வமாகப் பின்பற்றினார்கள். தொட்டி விளிம்பில் பக்கவாட்டு உறிஞ்சியைப் பொருத்த முதலாளி சில மாதம் எடுத்துக்கொண்டார். கேப்ஸ்யூலுக்குச் செலவான பணம் அதில் ஒரு பங்கைத் தந்தது. அலங்காரப் பூச்சுக்கு மூன்றாம் நிலைக் குரோமியக் குளியலுக்கே மாறுவது பற்றியும் விசாரித்து வருகிறார், கடினப் பூச்சு கேட்கும் வாடிக்கையாளர்கள் இருப்பதால் முழுதாக மாற முடியவில்லை. நெல்லிச்சாற்றை நிறுத்தச் சொல்லவில்லை. நல்ல உணவு, நல்ல மனதோடு கொடுப்பது.

தோல் பதனிடும் ஊரில் ஒரு குழப்பம்

இந்த நிகழ்வைப் பற்றிப் பேசிய இடத்திலெல்லாம், "அப்ப தோல் ஃபேக்டரிக்காரங்க எல்லாருக்கும் இப்படி ஆகுமா?" என்று கேட்டார்கள். ஆம்பூர், வாணியம்பாடி, மேல்விஷாரம், ராணிப்பேட்டை எங்கும் இந்தக் கேள்வி உண்டு. பதனிடும் டிரம்மில் போடும் குரோம் உப்பு மூன்றாம் நிலை, அதனால்தான் பதனிட்டு ஈரமாக வெளிவரும் வெட் புளூ தோல் நீலமாக இருக்கிறது. அதுவும் தோல் அலர்ஜி கொடுக்கும், கழிவு நிலத்தடி நீரைக் கெடுக்கும், ஆனால் மூக்கில் ஓட்டை போடும் பொருள் அது இல்லை. அதே ராணிப்பேட்டையில் மூடப்பட்ட குரோமேட் தொழிற்சாலை ஒன்று விட்டுச்சென்ற லட்சம் டன்னுக்கு மேற்பட்ட கழிவுக் குவியலில் இருப்பது ஆறாம் நிலை. 2006-ல் பிளாக்ஸ்மித் இன்ஸ்டிட்யூட் என்ற அமெரிக்கச் சுற்றுச்சூழல் அமைப்பு வெளியிட்ட உலகின் மிக மாசுபட்ட பத்து இடங்களின் பட்டியலில் ராணிப்பேட்டை இடம்பிடித்தது. இரண்டையும் ஒரே "குரோமியம்" என்று பேசுவதால் பயப்பட வேண்டிய இடத்தில் பயப்படாமலும், வேண்டாத இடத்தில் பயந்தும் கிடக்கிறோம்.

தோல் தொழில் தாவரப் பாலிஃபீனால்களைச் சரியான இடத்தில் பயன்படுத்தும் ஒரு வழியையும் வைத்திருக்கிறது. மூன்றாம் நிலைக் குரோமியம் கொண்டு பதனிட்ட தோலிலும், அதிலுள்ள சில கொழுப்புகள் காற்றில் ஆக்சிஜனேற்றம் அடையும்போது கொஞ்சம் ஆறாம் நிலை உருவாகிவிடும். ஐரோப்பிய ஒன்றியம் 2015 மே முதல் மனித உடம்பைத் தொடும் தோல் பொருள்களில் அதைக் கிலோவுக்கு 3 மில்லிகிராமுக்குக் கீழே கட்டுப்படுத்தியது. அதைக் கடந்தால் சரக்கு திரும்பும். அதைத் தவிர்க்கப் பதனிடுவோர் கையாளும் நல்ல வழிகளில் ஒன்று, மறுபதனிடும் கட்டத்தில் மரப்பட்டை, காய்களின் துவர்ப்புப் பாலிஃபீனால்களான டேனின்களைச் சேர்ப்பது. ஆவாரம்பட்டையும் கடுக்காயும் இந்த மண்ணில் குரோம் வருவதற்கு முன்பே தோல் பதனிட்டவைதான். தோல் நாருக்குள் உட்கார்ந்துகொண்டு, ஆறாம் நிலை உருவானதும் அங்கேயே மூன்றாக மாற்றிவிடுகின்றன. அங்கே உயிருள்ள செல் இல்லை, கெடுவதற்கு டிஎன்ஏ இல்லை.

வேலூர் சிட்டிசன்ஸ் வெல்ஃபேர் ஃபோரம் வழக்கில் 1996 ஆகஸ்ட் 28 அன்று உச்ச நீதிமன்றம் சொன்ன தீர்ப்பு, தீங்கு முழுதாக நிரூபணமாகும் வரை காத்திராமல் முன்பே தடுக்க வேண்டும் என்ற முன்னெச்சரிக்கைக் கொள்கையை நம் சட்டத்தில் நிலைநாட்டியது. அந்தத் தீர்ப்பு பாலாற்று நீரையும் தோல் ஆலைக் கழிவையும் பற்றியது. ஆறு பேர் வேலை செய்யும் பட்டறையின் காற்றுக்கும் அதே கொள்கை பொருந்த வேண்டும் என்று நான் நினைக்கிறேன்.

இப்போதைய நிலை

கைப் புண்கள் ஆறு வாரத்தில் ஆறின. வட்டத் தழும்பு நிற்கிறது, நிற்கும். மூக்கில் பொருக்கு கட்டுவது நன்றாகக் குறைந்தது, ரத்தம் வருவதில்லை. ஓட்டை மூடாது. தொல்லை கொடுத்தால் சிலிக்கான் அடைப்பான் பொருத்தலாம், இப்போதைக்கு வேண்டாம் என்கிறார். சவ்வுப் புண்ணோடு இருந்த இரு சக தொழிலாளிகளில் ஒருவருக்கு முழுதாக ஆறியது, இன்னொருவர் பட்டறையை விட்டு ஆற்காட்டில் வேறு வேலைக்குப் போய்விட்டார்.

நுரையீரல் புற்றின் அபாயம் தொட்டியை விட்டு விலகிய பின்னும் பல வருடம் தொடரும். எனவே வருடம் ஒரு முறை வந்து காட்டச் சொல்லியிருக்கிறேன், பீடியை விட உதவியும் நடக்கிறது. பாதியாகக் குறைத்திருக்கிறார். மனைவி, தெருவில் பேசியவர்களிடம் இது தொற்றுநோய் இல்லை என்று சொல்ல ஒரு கடிதம் வேண்டும் என்றார். தமிழில், என் கையெழுத்தில், முத்திரையோடு எழுதிக் கொடுத்தேன்.

இந்த வட்டாரத்தில் பணிபுரியும் சக மருத்துவர்களிடம் ஒரு வேண்டுகோள்: விரல் முட்டியில் வலிக்காத வட்டப் புண்ணோடு யாராவது வந்தால், மூக்கில் விளக்கை வைத்துப் பாருங்கள். எந்தத் தொட்டியருகே நிற்கிறார், உறிஞ்சி எங்கே இருக்கிறது, என்ன மாத்திரை சாப்பிடுகிறார் என்ற மூன்றையும் கேட்டு, சீட்டில் எழுதி வையுங்கள்.